படலையிலிருந்து தார் ரோட்டுக்கு எவ்வளவு தூரம்? வன்னியில் பாவித்த கார் வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

கிளிநொச்சியில் ஏ9 கண்டி–யாழ்ப்பாணம் ரோட்டோரமாக வீடுள்ளவருக்குப் பொருந்தும் கார் அக்கராயனிலோ நெடுங்கேணிக்கு உள்ளேயோ இருப்பவருக்குப் பொருந்தாது. இருவர் கையிலும் ஒரே அளவு காசு இருந்தாலும் பொருந்தாது. கொழும்பிலிருந்து வரும் யோசனைகளில் பெரும்பாலானவை கார்பெற் ரோட்டை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. வன்னியில் கார் தேடத் தொடங்க முதல் உங்கள் படலையிலிருந்து தார் ரோட்டுக்கு எத்தனை கிலோமீற்றர் கிரவல் என்று அளந்துகொள்ளுங்கள். மாரியில் அந்தப் பாதையில் எத்தனை இடத்தில் தண்ணீர் நிற்கும் என்பதையும் எண்ணுங்கள். அடுத்து, உங்கள் ஊர் கராஜ்காரர் எந்தக் காரைத் தயங்காமல் கழற்றுவார் என்று அவரிடமே கேளுங்கள். இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் பாதித் தெரிவு முடிந்துவிடும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் நாட்டுக்குள் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஓட்டம் குறைத்த மீற்றர், பூசி மெழுகிய டிங்கரிங், உரிமையாளர் பெயரை (எழுத்தை) மாற்றாமல் நாலு பேரைக் கடந்த பதிவுப் புத்தகம் எல்லாம் இந்தக் காலத்தில் பெருகின. விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் இங்கே ரூபாக் கணக்குத் தரவில்லை. விலை வரிசை மட்டும் பெரிதாக மாறுவதில்லை: மாருதி 800 அடியில் நிற்கும், அதற்கு மேலே பழைய நிசான் சனி, பிறகு அல்ரோ 800, கொரோலா 110, அதற்கும் மேலே வகன்ஆர், அக்குவா. டவுன்ஏஸ் வான்கள் வருடத்தையும் நிலையையும் பொறுத்து நடுவில் எங்கும் விழும்.

கையில் நூறு ரூபா இருந்தால் எண்பத்தைந்து ரூபாவுக்குள் கார் பாருங்கள். மிகுதிப் பதினைந்து ரயர், பற்றறி, பெல்ற், பிரேக், ஒயில் எல்லாவற்றுக்கும் முதல் மாதத்திலேயே போய்விடும். முழுக் காசையும் கொடுத்துக் கார் எடுத்தவர்கள் தேய்ந்த ரயரோடு மாரியை எதிர்கொள்கிறார்கள். அது ஆபத்து.

அல்ரோ 800, மாருதி 800

இரண்டிலும் 796 சீசீ மூன்று சிலிண்டர் எஞ்சின், கை கியர். வன்னியின் எந்தச் சந்தியிலும் இதைத் தெரிந்த மெக்கானிக் இருப்பார். கிளச் பிளேற், பிரேக் பாட், போல் ஜொயின்ற் போன்றவை கிளிநொச்சி, வவுனியா கடைகளிலேயே கிடைக்கும். குறைந்த காசோடு உள்ளூர்ப் பாதையில் ஓடுபவருக்கு எங்கள் முதல் தெரிவு அல்ரோதான்.

குறைகளும் உண்டு. 12 அங்குலச் சில்லு கிரவல் குழிக்குள் முழுதாக இறங்கும். றிம் வளையும், கீழ் ஆர்ம் புஷ்ஷும் போல் ஜொயின்றும் சீக்கிரம் தளரும். தகடு மெல்லியது. எயார்பாக் இல்லாதவை பல. ஏசி போட்டு நாலு பேர் ஏறினால் ஏ9இல் பஸ்ஸை முந்த நினைக்கக்கூடாது. ரேடியேற்றர் சிறியது. அதில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே சுண்ணாம்பு படிந்துவிட்டால் நடு வெயிலில் சூடேறி ஹெட் கேஸ்கெற் போகும். பூநகரி, மன்னார்ப் பக்கத்துத் தண்ணீர் இந்த வேலையை வேகமாகச் செய்யும்.

அல்ரோவில் இன்னொன்றைக் கட்டாயம் பார்க்கவேண்டும். நிறைய அல்ரோக்கள் சாரதிப் பயிற்சிக்கும் கொழும்பில் வாடகை ஓட்டத்துக்கும் ஓடியவை. இடப்பக்க இருக்கையின் காலடியில் காபெற்றைத் தூக்குங்கள். இரண்டாவது பிரேக், கிளச் பூட்டிய துளைகளோ வெல்டிங் தழும்போ இருந்தால் அந்தக் கார் ஆயிரம் பேர் கிளச் பழகிய கார். ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கிப் பாருங்கள். கரகரத்தால் கியர்பெட்டி இறக்கவேண்டி வரும்.

எஞ்சினில் ரைமிங் பெல்ற் உண்டு. மாற்றியதற்கு ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மாருதி 800ஐ, மிகக் குறைந்த காசில் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோக ஒரு கார் வேண்டும் என்பவர் பார்க்கலாம். கார்பரேற்றர் மாதிரியை விட இன்ஜெக்ஷன் மாதிரி காலையில் தொல்லை தராது. தரைத் தகட்டுத் துருவை மட்டும் விடாமல் பாருங்கள். முல்லைத்தீவு, அளம்பில் போன்ற கடற்கரை ஊர்களில் நின்ற மாருதியின் அடித்தகடு காபெற்றுக்குக் கீழே காகிதமாக இருக்கும்.

பழைய யப்பான் செடான்: சனி எஃப்பி14, எஃப்பி15, கொரோலா 110, 121

அதே காசுக்கு அகலமான இருக்கை, கனமான உடல், பெரிய டிக்கி. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு மாதம் இரண்டு தரம் வயதானவர்களைக் கொண்டுபோகும் குடும்பத்துக்கு அல்ரோவை விட இது உடம்புக்குச் சுகம். 1500 சீசீ எஞ்சினில் ஏசி நன்றாகக் குளிரும். சனி எஞ்சின்களில் ரைமிங் செயின். கொரோலா 110இல் பெல்ற், 121இல் செயின்.

பலவீனம் ஒவ்வொன்றிலும் வேறு. எஃப்பி14இல் முன் ஷொக் அப்சோபர் மேலே பூட்டப்படும் தகடும் பின் சில்லு வளைவும் துருப்பிடிக்கும். பொனற்றைத் திறந்து அந்த இடத்தில் புதிதாகப் பூசிய சீலரோ பெயின்றோ இருந்தால் விரலால் அமத்திப் பாருங்கள். எஃப்பி15இல் கிராங், காம் சென்சர்கள் சூடேறியதும் வேலைநிறுத்தம் செய்வது தெரிந்த வருத்தம். ஓடிக்கொண்டிருக்கும்போது நிற்கும், அரை மணி நேரம் ஆறினால் மறுபடி பிடிக்கும். சென்சர் மாற்றினால் தீரும் வேலைதான். ஆனால் விற்பவர் அதைச் சொல்லமாட்டார். ஆகவே ஓட்டிப் பார்ப்பது பத்து நிமிடத்தோடு முடியக்கூடாது. கொரோலா 110இல் வால்வ் சீல் காய்ந்தால் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் நீலப் புகை ஒரு வீச்சு வந்து நின்றுவிடும். அதுமட்டும் என்றால் பயப்படத் தேவையில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஓடும்போதும் நீலப் புகை வந்தால் பிஸ்ரன் ரிங் தேய்வு. அதை விட்டுவிடுங்கள். 121இல் ஒயில் குடிக்கும் எஞ்சின்கள் உண்டு. டிப்ஸ்ரிக்கில் ஒயில் குறைந்தும் கறுத்தும் இருந்தால் அந்த உரிமையாளர் காலத்துக்கு ஒயில் மாற்றவில்லை.

பழைய செடான்களில் எஞ்சின் மாற்றியவை அதிகம். பெற்றோல் காரில் டீசல் எஞ்சின் ஏற்றியதும் உண்டு. எஞ்சின் நம்பரும் எரிபொருள் வகையும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்தாவிட்டால், பிறகு எழுத்து மாற்றும்போது அந்தச் சிக்கல் உங்கள் தலையில்.

இந்த வகையின் பெரிய செலவு எண்ணெய். உதிரிப்பாகத்தில் அவ்வளவு தொல்லை இல்லை. புதியது இல்லாவிட்டால் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கழற்றிய பாகம் கிடைக்கும். மாலையில் கொழும்பில் பஸ்ஸில் ஏற்றினால் விடியக் கிளிநொச்சியில் இறங்கும்.

வகன்ஆர், அக்குவா, ஹொண்டா பிற்

விளம்பரத்தில் மிக அழகாகத் தெரிவதும், வன்னி உட்பாதைக்கு மிகவும் யோசித்து எடுக்கவேண்டியதும் இவைதான்.

வகன்ஆர் 658 சீசீ. ரைமிங் செயின். உயரமான கூரை, முழங்கால் வலி உள்ளவர் குனியாமல் ஏறலாம். அதன் ஹைபிரிட் (பற்றறி மோட்டர்) எஞ்சினுக்குச் சிறிய உதவி மட்டும். சின்ன லிதியம் பற்றறி முன் பயணி இருக்கைக்குக் கீழே இருக்கிறது. வெள்ளம் கதவடியைத் தாண்டினால் அது நனையும். சாதாரண பற்றறி கூட, கார் நிற்கும் இடத்தில் எஞ்சின் தானாக நின்று மறுபடி ஓடும் முறைக்கேற்ற தனி வகை, விலை கூடியது. கவனம் முழுவதையும் சீவீடீ என்ற படியில்லா ஓட்டோ கியர்பெட்டியில் வையுங்கள். அதற்கென்று உள்ள ஒயிலைத்தான் ஊற்றவேண்டும். சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை ஊற்றிய பெட்டி சில மாதத்தில் நடுங்கத் தொடங்கும். 10 முதல் 30 கிலோமீற்றர் வேகத்துக்குள் மெதுவாக ஏறும்போது உடல் உதறினாலோ, வேகம் கூடக்கூட விசில் போல ஒரு இரைச்சல் கூடினாலோ, பின் கியர் போட்டு இரண்டு நொடி தாமதித்து இழுத்தாலோ எடுக்கவேண்டாம். சீவீடீ திருத்துவது உள்ளூர் கராஜ் வேலை அல்ல. பெட்டியோடு மாற்றத்தான் சொல்வார்கள்.

அக்குவா உண்மையான ஹைபிரிட். 1500 சீசீ எஞ்சின், 144 வோல்ற் பற்றறி. பற்றறி பின் இருக்கைக்குக் கீழே. அதைக் குளிரவைக்கும் காற்றுக்கான வாய் பின் இருக்கையின் பக்கத்தில் திறந்திருக்கும். கிரவல் தூசி அந்த வழியாகத்தான் உள்ளே போகும். விசிறியில் தூசி கட்டிப் பஞ்சாகிவிட்டால் பற்றறி சூடேறும், சூடேறிய பற்றறி சீக்கிரம் சாகும். யன்னலைத் திறந்துகொண்டு ஒட்டுசுட்டான் உட்பாதையில் ஓடிய அக்குவாவையும், ஏசியோடு கண்டி ரோட்டில் மட்டும் ஓடிய அக்குவாவையும் ஒரே விலைக்கு எடுக்கக்கூடாது. வாங்க முதல் ஸ்கானர் போட்டு, ஏற்றத்தில் அல்லது வேகம் கூட்டும்போது பற்றறிப் பிளாக்குகளின் வோல்டேஜைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மற்றவற்றை விட ஒரு வோல்ற்றுக்கு மேல் சரிந்தால் பற்றறி முடியும் தறுவாயில் இருக்கிறது. பற்றறியின் விலையைக் கழித்தே பேரம் பேசவேண்டும்.

அக்குவாவின் அடி தரையிலிருந்து 140 மில்லிமீற்றர், அல்ரோ 160. காகிதத்தில் 20 மில்லிமீற்றர் சின்ன வித்தியாசம். ஐந்து பேரும் இரண்டு அரிசி மூட்டையும் ஏறிய பிறகு உழவு இயந்திரத் தடம் விழுந்த பாதையில் அது பெரிய வித்தியாசம்.

ஹொண்டா பிற் ஹைபிரிட்டில் இரட்டைக் கிளச் கியர்பெட்டியோடு வந்த ஜீபி5 மாதிரியை இங்கே எடுக்கவேண்டாம். மணலிலும் குழியிலும் ஊர்ந்து ஊர்ந்து போகும் ஓட்டத்தில் கிளச் சூடேறி எச்சரிக்கை காட்டும். ஊர்ந்து போவதுதான் எங்கள் உட்பாதைகளின் நாளாந்த ஓட்டம்.

ஏ9 ஓரத்தில் வீடு, வேலை யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ, நாளும் நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம் என்றால் மட்டும் அக்குவா கணக்குச் சரிவரும்.

டவுன்ஏஸ், லைற்ஏஸ் டீசல் வான்

எட்டுப் பேர் உள்ள வீடு, விதை நெல்லும் உரமும் ஏற்றவேண்டும், வருடத்தில் நாலு கோயில் பயணம் என்றால் கார் எல்லாவற்றையும் விட்டு இதைப் பாருங்கள். உயரம் போதும், பாரம் தாங்கும். 2சி, 3சி டீசல் எஞ்சின்களின் ஒரே பெரிய வருத்தம் சூடு. எஞ்சின் முன் இருக்கைக்குக் கீழே மூடிக் கிடக்கிறது. ஒருமுறை நன்றாகச் சூடேறினால் சிலிண்டர் ஹெட் வெடிக்கும். வெடித்த ஹெட்டை ஒட்டி விற்பதும் உண்டு. இருபது கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்து ரேடியேற்றரின் மேல் ஹோசை அமத்திப் பாருங்கள். கல் போல இறுகி, ஆறின பிறகும் இறுக்கம் விடாமல் இருந்தால் சிலிண்டருக்குள் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. மிகுதித் தண்ணீர்ப் போத்தலில் குமிழி வருவதும் அதே அடையாளம். கறுப்புப் புகை கூடினால் புகைப் பரிசோதனையில் தேறாது. டீசல் பம்ப் திருத்தும் செலவு இலேசானதல்ல. பக்கக் கதவுத் தண்டவாளமும் கதவடித் தகடும் துருவும் இடங்கள். புத்தகத்தில் ஆளும் சாமானும் ஏற்றும் இரட்டைப் பாவனை வாகனமாகப் பதிவாகியிருக்கும். இருக்கை எண்ணிக்கை அதில் உள்ளபடியே வானில் இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

எண்ணெய்க் கணக்கு

மாதம் 1000 கிலோமீற்றர் ஓடுபவரை எடுப்போம். அல்ரோ லீற்றருக்கு ஏறத்தாழ 16 கிலோமீற்றர், ஆக 63 லீற்றர். வகன்ஆர் 19 என்றால் 53 லீற்றர். அக்குவா 21 என்றால் 48. சனி ஓட்டோ கியர் 11 என்றால் 91. டவுன்ஏஸ் 10 என்றால் 100 லீற்றர் டீசல். இவை கிரவலும் தாரும் கலந்த ஓட்டத்துக்கான அண்ணளவுகள்.

அல்ரோவுக்கும் வகன்ஆருக்கும் மாதம் 10 லீற்றர்தான் வித்தியாசம். இரண்டுக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசத்தை அந்த 10 லீற்றரின் விலையால் பிரித்துப் பாருங்கள். காரின் மிகுதி ஆயுளுக்குள் அந்தக் காசு திரும்பி வராது. சனிக்கும் அல்ரோவுக்கும் 28 லீற்றர். மாதம் 300 கிலோமீற்றர் மட்டும் ஓடுபவருக்கு அது 8 லீற்றராகிவிடும், சனியின் சுகம் அந்த 8 லீற்றருக்குப் பெறும். எண்ணெய் மிச்சம் என்ற சொல் நிறைய ஓடுபவருக்கு மட்டும் பொருள் உள்ளது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று தொடங்கிய காலத்தை மறக்காதவர்கள் சிறிய எஞ்சினையே விரும்புகிறார்கள். அதுவும் நியாயமான காரணம்.

எங்கே வாங்குவது

ஊருக்குள் தெரிந்த உரிமையாளரிடம், வவுனியா அல்லது யாழ்ப்பாணம் கார் சேலில், கொழும்பு விளம்பரம் பார்த்து. வழிகள் இந்த மூன்றுதான்.

ஊர்க் காரில் தூசியின் சேதம் இருக்கும்: ஷொக் அப்சோபர், புஷ், ஏசி வலை, கண்ணாடியில் கல் பட்ட புள்ளி. எல்லாம் கண்ணுக்குத் தெரியும் சேதம், மாற்றக்கூடியது. அந்தக் கார் எங்கே முட்டியது, எந்த வெள்ளத்தில் நின்றது என்பது ஊருக்கே தெரியும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எந்தெந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று கேட்டால் அயலவர் சொல்லிவிடுவார். இந்த ஒரு காரணத்துக்காகவே ஊர்க் காரை முதலில் தேடச் சொல்கிறோம்.

கார் சேலில் கழுவி மினுக்கிய கார் நிற்கும். உரிமையாளர் முகம் தெரியாது. நல்ல கார் இல்லாமல் இல்லை. ஆனால் எஞ்சினைக் கழுவிவிடுவதால் ஒயில் கசிவு மறைந்துவிடும். ஓட்டிவிட்டு வந்து அரை மணி நேரம் நிறுத்தி, கீழே கடதாசி மட்டையை விரித்துப் பாருங்கள்.

கொழும்பில் தெரிவு கூட, விலை சிலவேளை குறைவு. ஒவ்வொரு பார்வைக்கும் 300 கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டும், மெக்கானிக்கையும் கூட்டிப்போனால் அவருடைய நாள் கூலி, சாப்பாடு, பஸ் காசு. இரண்டு தரம் வெறுங்கையோடு திரும்பினால் விலைக் குறைவு கரைந்துவிடும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது நனைந்த கார்களும் பின்னர் வந்த வெள்ளங்களில் நனைந்தவையும் தூர மாவட்டங்களுக்குத்தான் விற்கப்பட வசதியானவை. போக முதல் தொலைபேசியில் சேசி நம்பர், புத்தகத்தின் படம், காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் வீடியோ மூன்றையும் கேளுங்கள். தர மறுத்தால் பஸ் ஏறவேண்டாம்.

பார்க்கும் நாள்

காலையில் போங்கள். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் வைக்கச் சொல்லியிருங்கள். போனதும் பொனற்றைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்க முதலே ஓடவிட்டிருக்கிறார்கள்.

குளிர்ந்திருக்கும்போதே ரேடியேற்றர் மூடியைத் திறவுங்கள். பச்சை அல்லது சிவப்புக் கூலன்ற் தெளிவாக இருந்தால் நல்லது. செங்கல் நிறத் தண்ணீர் என்றால் துரு. மேலே ஒயில் படலம் என்றால் கேஸ்கெற். ஒயில் மூடியின் உள்பக்கத்தில் தயிர் போல வெளிறிய படிவு இருந்தாலும் அதே சந்தேகம். பிறகு ஸ்டார்ட். சாவி திருப்பியதும் எஞ்சின் விளக்கு எரியவேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணையவேண்டும். ஆரம்பத்திலேயே எரியாவிட்டால் யாரோ அந்த விளக்கைக் கழற்றியிருக்கிறார்கள். ஒயில் மூடியைத் திறந்து வைத்து ஐட்லிங்கில் பாருங்கள். புகை வண்டி போலக் குபுகுபு என்று வந்தால் ரிங் போய்விட்டது. கராஜில் கொம்பிரஷன் பார்க்கும்போது சிலிண்டர்களுக்கு இடையில் 10 வீதத்துக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது.

ஏசி போட்டு இருபது நிமிடம் நிறுத்திய இடத்திலேயே ஓடவிடுங்கள். வன்னி வெயிலுக்கு இதைவிடச் சிறந்த பரீட்சை இல்லை. ரேடியேற்றர் விசிறி சுற்றவேண்டும், சூட்டு முள் நடுவைத் தாண்டக்கூடாது. வெப்பமானியே வேலை செய்யாமல் அடியில் கிடந்தால் அதையும் குறையாக எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தில் நின்ற காரைக் கண்டுபிடிக்க சீட் பெல்ற்றை முழுதாக இழுத்து முடிவரை பாருங்கள். கழுவாத சேற்றுக் கோடு அங்கேதான் மிஞ்சும். இருக்கையின் கீழுள்ள திருகாணிகளில் துரு, உதவிச் சில்லுக் குழிக்குள் மண், முன் விளக்குக்குள் மூட்டம், காபெற்றைத் தூக்கினால் புளித்த மணம். இதில் இரண்டு சேர்ந்து வந்தால் திரும்பி வாருங்கள். தண்ணீர் புகுந்த வயரிங் ஒரு வருடம் கழித்து ஒவ்வொன்றாகக் கெடும். எந்த மெக்கானிக்காலும் முடித்து வைக்க முடியாத வருத்தம் அது.

முட்டிய காரென்றால் பொனற், மட்கார்ட் திருகாணித் தலையில் பெயின்ற் உரிந்திருக்கும். ரேடியேற்றர் தாங்கும் சட்டத்தில் கொம்பனி வெல்டிங் புள்ளி வட்டமாக, ஒரே இடைவெளியில் இருக்கும். கையால் செய்தது கோணல்மாணலாக இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவு, மட்கார்ட் எங்கும் வையுங்கள். பிடிக்காத இடத்தில் பூச்சுக் களிம்பு தடிப்பாக இருக்கிறது.

ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. கோடு ஆழமாக இருந்தாலும் ஆறு வருடம் கடந்த ரயரை எங்கள் வெயிலில் நம்பவேண்டாம். 60,000 கிலோமீற்றர் ஓடியதாகக் காட்டும் மீற்றருக்குக் கீழே பிரேக் மிதி ரப்பர் வழுக்கலாகத் தேய்ந்தும், சாரதி இருக்கை ஓரம் கிழிந்தும் இருந்தால் மீற்றரை நம்பவேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பதை இரண்டாகப் பிரியுங்கள். தார் ரோட்டில் 60, 70இல் கையை இலேசாக விட்டால் நேராகப் போகிறதா, பிரேக் அடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். பிறகு கண்ணாடியை இறக்கி, ரேடியோவை அணைத்துக் கிரவலில் 20இல் போங்கள். முன்னால் டக்டக் என்று வந்தால் போல் ஜொயின்ற், ஸ்டெபிலைசர் லிங்க். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி வட்டம் போடும்போது கட்கட் என்றால் டிரைவ் ஷாப்ற் ஜொயின்ற். இவை விலை குறைக்கும் காரணங்கள். கைவிடும் காரணங்கள் அல்ல. எஞ்சின், கியர்பெட்டி, சேசித் துரு, வெள்ளம், புத்தகம் ஆகிய ஐந்தில் ஒன்று பிழையாக இருந்தால்தான் கைவிடவேண்டும்.

புத்தகம்

எங்கள் பகுதியில் காரை விடப் புத்தகத்தால் ஏமாந்தவர்கள் கூட. உரிமை மாற்றப் பத்திரத்தில் விற்றவரின் கையெழுத்து மட்டும் இருக்கும், வாங்கியவர் பெயர் வெறுமையாக இருக்கும். அந்தப் பத்திரத்தோடு கார் நாலு கை மாறியிருக்கும். முதல் கையெழுத்திட்டவர் கனடாவிலோ பிரான்சிலோ இருப்பார், அல்லது உயிரோடு இருக்கமாட்டார். இந்த ‘ஓப்பின் பேப்பர்’ காரை எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வாங்கவேண்டாம். விபத்து நடந்தால், லீசிங் எடுக்கப் போனால், மறுபடி விற்கப் போனால் ஒவ்வொரு தரமும் சிக்கும். கைமாறி 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து எழுத்து மாற்றுவதுதான் முறை.

புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விற்பவர் கையில் காசு கொடுக்காமல், அவரோடு சேர்ந்து அந்தக் கொம்பனிக் கிளைக்குப் போய், மிகுதியை நேரே கட்டி, விடுவிப்புக் கடிதத்தை வாங்கிய பிறகே மற்றக் காசு. சேசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் நீங்களே துடைத்து, விளக்குப் பிடித்து, புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். திணைக்களத்தில் வாகன விவரப் பிரதி எடுத்தால் இப்போதைய பதிவு யார் பெயரில் என்பது தெரியும். வருமான உத்தரவுப்பத்திரம் எந்த வருடம் வரை கட்டியிருக்கிறது, நிலுவை எவ்வளவு என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் என்றால் அற்றோனித் தத்துவம் வாகனத்தை விற்கும் அதிகாரத்தைத் தெளிவாகக் கொடுக்கிறதா என்று ஒரு சட்டத்தரணியிடம் காட்டியபின் அட்வான்ஸ் கொடுங்கள். அட்வான்ஸுக்கு இருவர் அடையாள அட்டை இலக்கத்தோடும் ஒரு எழுத்து வேண்டும். சொந்தக்காரர் என்றாலும் வேண்டும்.

எடுத்த முதல் மாதம்

எஞ்சின் ஒயில், ஒயில் பில்ற்றர், எயார் பில்ற்றர், பிரேக் ஒயில், கூலன்ற் ஐந்தையும் மாற்றிவிட்டு, மாற்றிய திகதியையும் மீற்றரையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெல்ற் உள்ள எஞ்சினுக்குப் பெல்ற், அதனோடு சேர்ந்த உருளை, தண்ணீர்ப் பம்ப் மூன்றையும் ஒரே தரம் போடுவது மலிவு. கழற்றும் கூலி ஒன்றுதான். ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், பற்றறிக்கு ஊற்றும் வடிநீரில் கூலன்ற் கலந்து ஊற்றுங்கள். கிரவலில் ஓடும் காரின் எயார் பில்ற்றரை மாதம் ஒருமுறை கழற்றி உள்ளிருந்து வெளியே காற்றடியுங்கள். வெளியிலிருந்து உள்ளே அடித்தால் தூசி தாளுக்குள் ஏறிவிடும்.

மாரிக்கு முன்னர் டிக்கியில் ஒரு இழுவைக் கயிறும், ஒரு சாண் அகலத்தில் தடித்த பாலைப் பலகைத் துண்டும் போட்டுவையுங்கள். ஈரக் களிமண்ணில் ஜக் புதையும்; பலகைக்கு மேல் வைத்தால்தான் சில்லு மேலே எழும்பும்.